எங்கள் தெருவின் வாய்கள்

நான் வேலைக்குச் சேர்ந்த வாரம், கேன்சர் ஆஸ்பத்திரி வளாகத்துக்குள் இருந்த அந்த ஆய்வகத்தில் எல்லோரும் நல்ல குஷியில் இருந்தார்கள். தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. வாய்ப் புற்றுநோயை ஒளியைக் கொண்டு கண்டுபிடிப்பது அவர்களுடைய திட்டம். பேனா பருமனுள்ள ஒரு குழாயைக் கன்னத்தின் உட்புறம் வைப்பார்கள். அதனுள்ளே ஓடும் கண்ணாடி இழை வழியாக லேசரின் புற ஊதா ஒளி சதையின் மேல் விழும். சதை பதிலுக்குத் தானும் மங்கலாக நீல நிறத்தில் ஒளிரும். நல்ல சதை ஒளிர்வது ஒரு விதம், கெட்ட சதை ஒளிர்வது இன்னொரு விதம். கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுத்தால், அந்த வித்தியாசத்தை வைத்து நோய் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடும். கற்றுக்கொடுத்தும் முடித்திருந்தார்கள்.

கற்றுக்கொடுத்தவர் ஈரோட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஓர் இன்ஜினியர். ஈஜிபுராவில் நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கியிருந்தார். நியூரல் நெட்வொர்க் என்ற பேச்சை எடுத்தாலே அவர் முகம் மலர்ந்துவிடும். புள்ளியியல் படித்துவிட்டு வந்திருந்த எனக்குத் தன் வேலையைக் காட்ட ஆசைப்பட்டார். திரையில் இரண்டு கூட்டமாகப் புள்ளிகள். இடதுபுறம் நோயாளிகள், வலதுபுறம் நோயில்லாதவர்கள். நடுவில் ஒரு கோடு. ஒரு புள்ளிகூடக் கோடு தாண்டி நிற்கவில்லை.

"பாத்தீங்களா? ஒண்ணுகூடத் தப்பாப் போகலீங்க" என்றார்.

"இந்த வலது பக்கத்து நார்மல் எல்லாம் யாரு?" என்று கேட்டேன்.

"நம்ம ஹாஸ்டல் பசங்கதானுங்க. அவங்களோட நானும் ஒரு புள்ளி."

"நோயாளிங்க?"

"ஆஸ்பத்திரில வாய்ப் புண்ணுக்கு வர்றவங்க. பயாப்ஸி முடிஞ்சு உறுதியானவங்க மட்டும்."

"ஹாஸ்டல் பசங்க யாராவது வெத்தல பாக்கு போடுவாங்களா?"

"ஏனுங்க, காலேஜ் பசங்க யாருங்க வெத்தல போடறாங்க?" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஆஸ்பத்திரிக்கு வரும் நோயாளிகளில் அநேகமாக எல்லோரும் பல வருஷம் வெற்றிலையும் புகையிலையும் மென்றவர்கள். அப்படி மென்ற வாயின் தோலே கறை ஏறி நிறம் மாறிப்போயிருக்கும். கறை அந்த நீல ஒளியைக் குடித்துவிடும். ஒரு பக்கம் கறை படிந்த வாய்கள், மறுபக்கம் இருபது வயதுப் பையன்களின் வெள்ளை வாய்கள். இவற்றைப் பிரிக்க நியூரல் நெட்வொர்க் எதற்கு? என் சித்தியைக் கூப்பிட்டால் தெருமுனையிலிருந்தே பிரித்துவிடுவாள். கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டது புற்றுநோயை அல்ல, வெற்றிலையை என்று எனக்கு அப்போதே தோன்றிவிட்டது.

அவரிடம் அதைச் சொன்னேன். அவர் திரையைப் பார்த்தார். பிறகு, "சார்கிட்ட நீங்களே சொல்லிருங்க" என்றார்.

சார் என்றால் எங்கள் பேராசிரியர். மைசூர் சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்த்த தமிழ்க் குடும்பம். மூன்று தலைமுறையாக மல்லேஸ்வரம்வாசிகள். பேசிக்கொண்டிருக்கும்போதே தமிழிலிருந்து கன்னடத்துக்கும் அங்கிருந்து இங்கிலீஷுக்கும் தாவிவிடுவார். நல்ல மனிதர்தான். ஆனால் வெளிநாட்டு மாநாடு ஒன்றுக்கு ஆய்வுச் சுருக்கம் எழுதி அனுப்பிவிட்டு, பதிலுக்குக் காத்திருந்த மனிதர். சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகாத பெண் வந்து 'நீங்கள் பிடித்தது வெற்றிலை' என்று சொன்னால் யாருக்குத்தான் இனிக்கும்?

"அதெல்லாம் யோசிக்காமலா இருப்போம், ஏம்மா? அளக்கறதுக்கு முன்னாடி எல்லாருக்கும் வாய் கொப்பளிக்கத் தண்ணி குடுக்கறோமே?" என்றார்.

"இருபது வருஷத்துக் கறை ஒரு டம்ளர் தண்ணில போகாது சார்."

"எப்படிச் சொல்றே?"

"எங்க வீட்லயே பாத்திருக்கேன் சார்."

நான் விடவில்லை. நோயாளிகளுக்கு ஒரு கன்னத்தில் புண் இருந்தால், மறு கன்னத்திலும் ஒரு அளவு எடுத்து வைத்திருந்தார்கள். யாரும் அதைப் பயன்படுத்தவில்லை. அந்த நல்ல கன்னங்களை நெட்வொர்க்கிடம் காட்டினால் நார்மல் என்றல்லவா சொல்ல வேண்டும்? பேராசிரியரின் முன்னாலேயே இன்ஜினியர் ஓட்டிக் காட்டினார். எல்லாக் கன்னத்தையும் அது புற்றுநோய் என்றது.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "இது போதாதும்மா" என்றார். "ஒரு கன்னத்துல கேன்சர் வந்தவனுக்கு மறு கன்னமும் உள்ளுக்குள்ள மாறத் தொடங்கியிருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத மாற்றத்தை மெஷின் முன்கூட்டியே பிடிக்கறதுன்னுகூடச் சொல்லலாமே? உன் வாதத்தை நிரூபிக்கணும்னா, வெத்தல போடறவா, ஆனா கேன்சர் இல்லாதவா, அப்படிப்பட்ட வாய் வேணும். நிறைய வேணும். எங்க போவே?"

அது நியாயமான கேள்வி. எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது அந்த நிமிஷத்தில்தான். அவர் கேட்ட கேள்விக்குப் பதிலும் என்னிடம் இருந்தது.

"ஸ்ரீராம்புரத்துக்கு, சார். எங்க தெருவுக்கு."

மல்லேஸ்வரத்துக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு ரயில் பாதை மட்டும்தான். எங்கள் தெருவில் வீடுகள் ஒன்றோடொன்று தோள் உரசி நிற்கும். மில்லில் வேலை பார்த்தவர்கள், மூட்டை தூக்குபவர்கள், கார்ப்பரேஷனில் குப்பை வாருபவர்கள். என் சித்தி கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை பார்த்தாள். குப்பையின் நாற்றம் மூக்கில் ஏறாமல் இருக்க அவளும் அவள் கூட்டாளிகளும் விடிந்ததும் வெற்றிலையை மடித்து வாயில் போட்டால், பொழுது சாயும்வரை மென்றுகொண்டேதான் இருப்பார்கள். எனக்கு வேண்டிய வாய்கள் அத்தனையும் எங்கள் குழாயடியிலேயே இருந்தன.

ஆனால் சித்தியிடம் விஷயத்தைச் சொன்னதும் அவள் கையில் இருந்த வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டாள்.

"கேன்சர் ஆஸ்பத்திரிக்கா? நான் வர மாட்டேன் கண்ணு. எவளும் வர மாட்டா. அந்த கேட்டுக்குள்ள போனாலே தெருவுல வேற மாதிரி பேசுவாங்க."

"வியாதி இருக்குன்னு கூப்பிடல சித்தி. இல்லன்னுதான் கூப்பிடறேன்."

"இல்லன்னா எதுக்குடி பாக்கணும்?"

"வியாதி இல்லாத வாய் எப்படி இருக்கும்னு அந்த மெஷினுக்குத் தெரியல. நீங்கதான் காட்டணும்."

இது அவளுக்குப் பிடித்துவிட்டது. கொஞ்ச நேரம் யோசித்தாள். "மெஷின இங்க எடுத்துனு வரச் சொல்லு. ஆஸ்பத்திரிக்குத்தான் வர மாட்டோம். நம்ம கோயில் ஹாலுக்கு எல்லாரும் வருவோம். எல்லாரையும் நான் இட்டுனு வர்றேன்" என்றாள்.

லேசரை அசைப்பது என்றால் பேராசிரியருக்கு உயிரே போய்விடும். கண்ணாடிகள் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் மறுபடி உட்கார்ந்து சரிசெய்ய வேண்டும். இருந்தும் ஒப்புக்கொண்டார். தான் கேட்டதை நான் கொண்டுவந்து நிறுத்தியபின் பின்வாங்குவது அவருக்கு அழகாகப் படவில்லை போலும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய மெத்தைகளை விரித்த டெம்போவில் கருவியை ஏற்றி, குழந்தையைக் கொண்டுவருவதுபோல அம்மன் கோயிலை ஒட்டிய ஹாலுக்குக் கொண்டுவந்தோம். ஜன்னல்களுக்கு ஜமுக்காளம் கட்டி இருட்டாக்கினோம். மின்சாரத்தை நம்ப முடியாது என்பதால் சவுண்ட் சர்வீஸ்காரர் ஜெனரேட்டர் கொடுத்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வாய் மருத்துவரும் வந்தார். கன்னடக்காரப் பெண்மணி. நோயாளிகளோடு பேசிப் பேசியே தமிழ் கற்றவர். கருவி ஒரு பக்கம் அளக்கட்டும், தான் ஒரு பக்கம் டார்ச் அடித்து ஒவ்வொரு வாயையும் பார்த்துவிடுவதாகச் சொன்னார். அது அவர் போட்ட நிபந்தனை.

பேராசிரியர் ஹால் வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பிறந்தது வளர்ந்தது எல்லாம் மல்லேஸ்வரம்தான். இந்தப் பக்கம் வந்ததே இல்ல பாரு" என்றார்.

"அதனால இன்னா சார், நான் உங்க ரோட்டத்தான் தெனம் பெருக்கறேன்" என்றாள் சித்தி. எந்த கிராஸ் தெரு என்று அவர் கேட்டார். சொன்னாள். அவர் வீட்டிலிருந்து நாலைந்து வீடு தள்ளி. அவர் தனக்காகப் போட்டிருந்த நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் அதில் உட்கார்ந்தாள். அளவெடுக்கவும் அவள்தான் முதல் ஆள்.

வாயைக் கொப்பளித்துவிட்டு வந்த சித்தி, குழாயை உள்ளே வைத்ததும் பேச ஆரம்பித்தாள். சுடுமா, ஷாக் அடிக்குமா, முடிந்துவிட்டதா? "பேசாதீங்கம்மா, கோடு ஆடுதுங்க" என்று இன்ஜினியர் கெஞ்சினார். சித்தி எழுந்து வெளியே போய், "ஒண்ணுமே தெரியல, ஸ்பூன வாயில வெச்ச மாதிரிதான் இருக்கு" என்று சத்தமாகச் சொன்னதற்குப் பிறகு வரிசை கோயில் வாசலைத் தாண்டிவிட்டது. அவளுடைய கூட்டாளிகள் வந்தார்கள். ஓய்வு பெற்ற மில்காரர்கள் வந்தார்கள். எதிர்வீட்டு மூட்டைக்காரர், ஏ.பி.எம்.சி. மண்டி யார்டில் லோடு ஏற்றுபவர், இரண்டு முறை வரிசையிலிருந்து நழுவப் பார்த்தார். சித்தி இரண்டு முறையும் சட்டையைப் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

மறுநாள் ஆய்வகத்தில் எங்கள் தெருவின் வாய்களை நெட்வொர்க்கிடம் கொடுத்தோம். பேராசிரியர் நின்றுகொண்டே பார்த்தார். இன்ஜினியர் பட்டனைத் தட்டினார். புள்ளிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. எல்லாம் இடதுபுறம். சித்தி, அவளுடைய கூட்டாளிகள், மில்காரர்கள், வெற்றிலை போடும் அத்தனை பேரும் புற்றுநோய்க்காரர்கள் என்றது அது. வெற்றிலையைத் தொடாத இரண்டு மூன்று பேரை மட்டும் வலப்பக்கம் விட்டுவைத்தது.

"தெருவே காலிங்க" என்றார் இன்ஜினியர். ஒன்றரை வருஷ உழைப்பு அது.

பேராசிரியர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். பிறகு அவர், "மாநாட்டுக்காராளுக்கு லெட்டர் போட்டுடறேன். சுருக்கத்தைத் திரும்ப வாங்கிக்கறோம்னு" என்றார். அவ்வளவுதான். கோபப்படவில்லை, சப்பைக்கட்டு கட்டவில்லை. "எங்கேருந்து ஆரம்பிக்கலாம், சொல்லு" என்று என்னைக் கேட்டார்.

எனக்குத் தெரிந்திருந்தது. நான் சொன்னேன். இனி நோயில்லாதவர்கள் என்றால் நோயாளிகளைப் போலவே வயது, பழக்கம் உள்ளவர்கள். ஹாஸ்டல் பையன்களுக்கு நன்றி, போகலாம். ஒரே ஆளின் நாலைந்து அளவுகளில் சிலதைக் கற்பிக்கவும் மீதியைப் பரீட்சைக்கும் பிரித்து வைப்பது கூடாது, ஏற்கெனவே பார்த்த ஆளை மறுபடி அடையாளம் காண்பது பெரிய விஷயமில்லை. பரீட்சைக்கு வருகிறவர் கம்ப்யூட்டர் இதுவரை பார்க்காத புது ஆளாக இருக்க வேண்டும். இன்ஜினியர் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். நாலாம் நாள் காலையில் வந்து, கறை எந்த நிறத்து ஒளியை எவ்வளவு குடிக்கிறது என்று தனியாக அளந்து அதைக் கழித்துவிட ஒரு வழி இருக்கிறது என்று தாளும் பேனாவுமாக உட்கார்ந்தார். அந்த வழி அருமையான வழி. என்னால் அதை யோசித்திருக்க முடியாது.

இதற்கிடையில் மருத்துவரிடமிருந்து ஃபோன் வந்தது. எங்கள் தெருவில் டார்ச் அடித்துப் பார்த்தவர்களில் ஒருவருக்கு, கீழ் உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் ஒரு வெள்ளைத் திட்டு. பயாப்ஸிக்கு வரச்சொன்னால் வரமாட்டேன் என்கிறார். எதிர்வீட்டு மூட்டைக்காரர்தான்.

சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, டாக்டர் கூப்பிட்டாங்களாமே."

"நீ வியாதி இல்லாதவங்களுக்குத்தான் பாக்கறேன்னு சொன்னியே" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை, பயந்துபோயிருந்தார்.

"இருக்கா இல்லையான்னு இன்னும் யாருக்கும் தெரியாதுண்ணா. இருந்தாலும் இது ஆரம்பம், கடுகு சைஸுதான், இப்ப எடுத்துட்டா முடிஞ்சுதுன்னு டாக்டர் சொல்றாங்க. நான் கூட வர்றேன்."

"அந்த கேட்டுக்குள்ளயா?"

"நான் தெனம் அந்த கேட்டுக்குள்ளதான் போறேன். எனக்கென்ன ஆச்சு?"

மறுநாள் வந்தார். பயாப்ஸியில் புற்றுநோய் என்றே வந்தது. மருத்துவர் சொன்னதுபோல மிக ஆரம்பம். அறுவை சிகிச்சை செய்து எடுத்துவிட்டார்கள். உதடு கொஞ்சம் கோணியது. கொஞ்ச காலத்தில் மறுபடி யார்டுக்குப் போனார். புகையிலையை மட்டும் விட்டார்.

அவருடைய அளவுகளை எங்கள் புது முறையில் போட்டுப் பார்த்தோம். நார்மல் என்று வந்தது. இன்ஜினியர் தலையில் கை வைத்துக்கொண்டார். காரணம் தேட வெகுநேரம் ஆகவில்லை. நாங்கள் எல்லோருக்கும் இரண்டு கன்னங்களிலும் நாக்கிலும் மட்டுமே குழாயை வைத்திருந்தோம். அவர் புகையிலையை அடக்குவது கீழ் உதட்டுக்குள். திட்டு இருந்ததும் அங்கேதான். அந்த இடத்தில் ஒளியே விழவில்லை.

கட்டுரை எழுதும்போது இதில்தான் எனக்கும் பேராசிரியருக்கும் கடைசிச் சண்டை.

"அவரை விட்டுடலாம்மா" என்றார். "திட்டு மேல நாம அளக்கவே இல்ல. அளக்காத இடத்துக்கு முறை எப்படிப் பொறுப்பாகும்? விஞ்ஞானப்படி அவர் இந்தக் கணக்குல வரவே மாட்டார்."

அவர் சொன்னதில் தர்க்கம் இருந்தது. "சார், அவர் நம்ம நாற்காலியில உக்காந்தார். நாம அவர் வாயைப் பாத்தோம். ஒண்ணும் இல்லன்னு எழுப்பி அனுப்பியிருப்போம், டாக்டர் டார்ச்சு அடிக்கலன்னா. லேசர் தப்பு பண்ணுச்சா, வெச்ச இடம் தப்பான்னு அவருக்கு என்ன சார் வித்தியாசம்? எங்க வைக்கணும்ங்கறதும் முறையில சேர்ந்ததுதான்" என்றேன்.

"ரிசல்ட் இன்னும் குறையுமே?"

"குறையட்டும் சார். இப்ப வர்றது நிஜமான ரிசல்ட்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "கணக்கு வாத்தியார் மாதிரி பிடிவாதம் உனக்கு" என்று சொல்லிவிட்டு, தானே பேனாவை எடுத்து அந்த ஒருவரைத் தவறாகக் கணிக்கப்பட்டவர் என்று சேர்த்தார். அதன்பிறகு எங்கள் முறையில் ஒரு வரி கூடியது. குழாயைக் கையில் எடுக்கும் முன்னால், வெற்றிலையை, புகையிலையை வாயில் எந்தப் பக்கம் அடக்குவீர்கள் என்று கேட்க வேண்டும். அங்கேயும் ஓர் அளவு எடுக்க வேண்டும்.

அடுத்த வருஷம் நகரத்திலேயே நடந்த ஒரு கருத்தரங்கில் பேராசிரியர் பேசினார். பேச்சு முடிந்ததும் முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, மற்றவர்கள் வெளியிட்டிருப்பதை எல்லாம் பார்த்தால் உங்கள் துல்லிய எண் ரொம்பக் குறைவாக இருக்கிறதே என்று கேட்டார். பேராசிரியர் கொஞ்சமும் அசரவில்லை. "அவங்க நார்மல் யாருன்னு கேட்டுப் பாருங்க. அதுக்கப்புறம் ரெண்டு எண்ணையும் பக்கத்துல வெச்சுப் பேசலாம்" என்றார். பின்வரிசையில் இருந்த இன்ஜினியர் என் முழங்கையை இடித்தார். கட்டுரையில் முதல் ஆசிரியராக என்னைப் போட்டிருந்தார்கள். நான் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. அச்சான பிறகுதான் பார்த்தேன். எனக்கு அது உரியது என்றே தோன்றியது.

அடுத்த முகாமை நகரத்துக்கு வெளியே சந்தாபுராவில் போட்டோம். அதற்கடுத்து வேறு இடங்கள். பத்தாண்டு கழிந்து நான் ஒரு குழுவுக்குத் தலைவி ஆனபோதும், புதிதாக வருகிறவர்கள் அழகான படத்தோடு வந்து நின்றால் நான் கேட்கும் முதல் கேள்வி மாறவில்லை.

கட்டுரை வெளியானதும் அதை வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தேன். சித்தி கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கினாள். அதிலிருந்த படத்தில் நோயாளிகளுக்குக் கறுத்த புள்ளி, எங்கள் தெருவுக்கு வெற்று வட்டம். கோட்டைச் சுற்றி இரண்டும் கொஞ்சம் கலந்துதான் கிடந்தன.

"இதுல நான் எங்க?" என்றாள்.

"பேரெல்லாம் எடுத்துட்டோம் சித்தி. இந்த வட்டத்துல ஏதோ ஒண்ணு நீதான்."

"ஏதோ ஒண்ணா? மொத ஆளா உக்காந்தேன். கொஞ்சம் பெருசாப் போடக் கூடாது?"

எதிர்வீட்டு மூட்டைக்காரரும் வந்து எட்டிப் பார்த்தார். அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. படத்தை மட்டும் உற்றுப் பார்த்தார். வெற்று வட்டங்களுக்கு நடுவே, கோட்டின் தப்பான பக்கத்தில், ஒரே ஒரு கறுத்த புள்ளி வெகு தூரம் உள்ளே தள்ளி நின்றுகொண்டிருந்தது.

"இது நான்தானே?" என்று அதன்மேல் விரலை வைத்தார்.

பெயர்களைச் சொல்லக் கூடாது என்பது விதி. நான் வாயைத் திறக்கவில்லை.

"நம்மாளுங்களோடத்தான் நிக்கறேன்" என்று கோணிய உதட்டோடு சிரித்துவிட்டு, வேலைக்கு நேரமாயிற்று என்று கிளம்பிப் போனார்.